நான்காம் குறுக்குத் தெரு, ஞாயிறு

வெங்காயக் கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்குவோம்.
குனிந்துதான் வகுப்புக்குள் நுழைய வேண்டும்.
முதலாளி சாவி தந்ததோடு சரி,
ஃபேன் போடக் கூடாதென்று ஒரு நிபந்தனை.
மூட்டைதான் வாங்கு, மூட்டைதான் மேசை.
கரும்பலகை, கணக்கெழுதித் துடைத்த தகரக் கதவு.

எனக்குத் தொழில் கப்பல் கம்பனியில் பில் அடிப்பது.
கற்பிக்க ஒருவரும் எனக்குக் கற்பிக்கவில்லை.
முதல் நாள் 'அம்மா' என்று எழுதினேன்.
நாட்டாமி சவரிமுத்து சிரித்தார்.
"மிஸ், எனக்கு அம்பத்திரெண்டு வயசு.
அம்மா செத்து இருவது வருசம்.
இந்தச் சாக்கில என்ன எழுதியிருக்கு, அதச் சொல்லுங்க."

சாக்கில் 'மைசூர் பருப்பு' என்றிருந்தது.
அரிச்சுவடியைப் பைக்குள் வைத்துவிட்டு
'மை'யில் தொடங்கினோம்.

எழுத்தில்லாமலே சரக்கறிவார் அவர்.
பருப்பு தோளில் உருளும்,
சீனி தோளில் உறங்கும்,
கொத்தமல்லி பாரமேயில்லை, தும்மல்தான் வரும்.
முப்பது வருடத்தில் பிழையான கடையில்
ஒரு மூட்டை இறக்கியதில்லை.
பிறகெதற்கு வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.
மூன்றாம் வாரம் தானாகச் சொன்னார்:
கூலிச் சிட்டையில் கைநாட்டு வைக்கும்போது
கிளார்க் பெடியன் பெருவிரலைப் பிடித்து
மையில் அழுத்துகிறானாம்.
"என் விரல நான் தூக்குவேன், மிஸ்.
அவன் தூக்க வேணாம்."

வாழைத்தோட்டத்திலிருந்து வருபவர் ஹிதாயா.
சின்ன வயதில் ஓதப் பழகிய கண்
வலமிருந்தே புறப்படும்.
'கடை'யை 'டைக' என்று வாசிப்பார்.
திருத்தப் போய், மனதுக்குள் சொல்லிப் பார்த்து
நானும் ஒருமுறை டைகக்குப் போய் வந்தேன்.
ஒரு நாள் பிஸ்கட் பெட்டியில் விரல் வைத்து
மெதுவாகக் கூட்டினார். நிமிர்ந்தார்.
"கூட்டினா சத்தம் வாறது தெரியும்.
கூட்டின கையோட வெளங்குதே, மிஸ்,
அதுதான் புதினம்."

சில ஞாயிறு ஏழு பேர்.
சில ஞாயிறு நானும் கடைப் பூனையும்.
மழை, கல்யாணம், கொள்கலன் வந்த நாள்,
"மறந்துட்டேன்", "வெக்கமா இருக்கு."
ஒருவர் சொல்லாமலே நின்றுவிட்டார்.
அவருடைய பென்சில் இன்னும் என் பையில்.

மாசி மாதம் ஹிதாயா ஒரு கடிதம் கொண்டுவந்தார்.
தண்ணீர்ச் சபை முத்திரை. சிங்களத்தில் மட்டும்.
"வாசிங்க, மிஸ்."

தாளைத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன்.
ஷட்டர் வெளிச்சத்தில் பிடித்தேன்.
முத்திரையை மட்டும் உற்றுப் பார்த்தேன்.
எழுத்துத் தெரியாதவர் செய்வதெல்லாம்
வரிசையாக நான் செய்துகொண்டிருந்தேன்.

பேசுவேன். பஸ்ஸில் இறங்க, மீன் விலை பேச,
சோதனைச் சாவடியில் பெயர் சொல்ல.
வாசிக்க வராது என்று
முப்பத்தாறு வயதில் முதல் தடவை
வாய்விட்டுச் சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.
ஹிதாயா சாக்கில் கொஞ்சம் நகர்ந்து
பக்கத்தில் இடம் விட்டார்.

அடுத்த கடைக் காவலாளி உபாலி
குனிந்து நுழைந்து வாசித்துச் சொன்னார்.
இரண்டு மாதப் பாக்கி. பதினாலாம் திகதிக்குப் பிறகு வெட்டு.
போகிற போக்கில் கதவின் ஒரு மூலையில்
அயன்ன எழுதிவிட்டுப் போனார்.
பிளேன்டீ கொடுத்தால் ஆயன்னவும் வருமாம்.
இதுவரை ஐந்து எழுத்து. ஐந்து பிளேன்டீ.

போன வெள்ளி
சவரிமுத்து சிட்டையில் கையெழுத்துப் போட்டார்.
கட்டம் சின்னது. எழுத்து அவருடைய தோளளவு.
'சவரி' உள்ளே அடங்கியது.
'முத்து' அடுத்தவரின் கட்டத்துக்குள் போய்விட்டது.
கிளார்க் ஏசினானாம்.

முப்பது வருடத்தில்
பிழையான கடையில் இறக்கிய
முதல் மூட்டை.