இணைப்புத் தாள்கள்

படிவத்தில் நான்கே கோடுகள்:
கைதானதுண்டா, வழக்குண்டா, விவரம் தருக.
ஒடெல் ப்ரூவிட் பதினோரு தாள் இணைத்தான்.

டொலீடோவில் பனி அழுக்கேறிக் கிடந்த மாதம்.
ஆறு சட்ட அலுவலகங்கள்
முதல் தாளோடு கைகுலுக்கி அனுப்பின.
ஏழாவது, சலவைக்கடைக்கு மேலே.

மர்லீன் ஜாபரா
மூன்று கைதுகளையும்
தான் இறங்காத நிறுத்தங்களைப்போலக் கடந்து
ஒன்பதாம் தாளில் நின்றாள்.

"வீட்டுக்காரன் போட்ட வழக்கு. உன் வக்கீல் யார்?"
"யாருமில்லை."
"பதில்மனு?"
"நான்தான். நூலகத்தில், பென்சிலால்."
"தீர்ப்பு?"
"ஹீட்டரைச் சரிசெய்து கொடுத்தான்."

கீழே இயந்திரங்கள்
யாருடைய சட்டைகளையோ புரட்டிக்கொண்டிருந்தன.
மேசையடியிலிருந்து கோப்புகளை இழுத்துப் போட்டாள்:
வெள்ளிக்குள் காலிசெய்யச் சொல்லி
பதினாலு குடும்பங்கள்.

"உரிமம் வருகிறவரை கையெழுத்து என்னுடையது,
எழுத்து உன்னுடையது.
பேனா இருக்கிறதா?"

சட்டைப்பையைத் தடவினான்.
பென்சில்தான் இருந்தது.