செயல்பாடு நான்கு: அளவு மாறாமை

ஒரே அளவில் கண்ணாடி டம்ளர் இரண்டு,
ஒல்லியாய், உயரமாய் மூன்றாவது ஒன்று,
பதிவேடு, பச்சை மைப் பேனா,
ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில்
இருபது ரூபாய்க்கு வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர்.
வேதாளைப் பள்ளியின் இரண்டாம் வகுப்புக்கு
இவ்வளவையும் சுமந்துகொண்டு போனேன்.

கமுதிக்காரி நான்.
கடலை அதுவரை மூன்று முறைதான் பார்த்திருந்தேன்.
வகுப்பறை ஜன்னலில் அது சும்மா நின்றது,
தாமதமாக வந்து
உள்ளே வரலாமா என்று கேட்காத பிள்ளை மாதிரி.

பாடம் எனக்கு மனப்பாடம்.
ஏழு வயதுக்குக் கீழே குழந்தை
கண்ணுக்குத் தெரிவதை நம்பும்.
உயரம் கூடினால் நீரும் கூடிற்று என்னும்.
அகலம் அதன் கணக்கில் வராது.
அப்புறம் ஒருநாள், யாரும் சொல்லித்தராமலே,
'ஊத்தினதுதானே, அதேதான்' என்று சிரிக்கும்.
தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண்.
படம் போட்டால் ஆறு.

ஷஃபீக்காவுக்கு ஆறே முக்கால் வயது.
முன்பல் இரண்டும் இல்லை.
இரண்டு டம்ளரிலும் சமமாக ஊற்றினேன்.
கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்து
ஒன்றில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.
"இப்ப சரி."
அதை எடுத்து உயரமானதில் கவிழ்த்தேன்.
"இப்ப எதுல அதிகம்?
இதுலயா, அதுலயா, ரெண்டும் ஒண்ணா?"
கையேட்டில் உள்ளபடி
குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் கேட்டேன்.

அவள் உயரத்தைப் பார்க்கவே இல்லை.
காலி டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.
"உசரமானதுல கம்மி டீச்சர்.
இதுல ஒட்டிக்கிட்டிருக்குல்ல."
அடியில் ஒரு துளி, பக்கவாட்டில் இரண்டு.
தலைகீழாய்ப் பிடித்துத் தட்டினாள்.
விழாததை விரலால் வழித்து நக்கிவிட்டு
"இப்ப அதுவும் இல்ல" என்றாள்.

பதிவேட்டில் கட்டம் இரண்டுதான்:
எய்தினாள். எய்தவில்லை.
பேனாவை மூடினேன். திறந்தேன்.

அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் வண்டி
ஒருநாள் விட்டு ஒருநாள், குடம் எட்டு ரூபாய் என்று
வகுப்பாசிரியை ஃபர்ஜானா சொன்னார்.
குடத்திலிருந்து பானைக்கு, பானையிலிருந்து செம்புக்கு,
ஒவ்வொரு கைமாறலிலும் எவ்வளவு நின்றுபோகிறது என்று
அந்த வீட்டில் யாரோ பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.
அல்லது அப்படி ஒன்றுமே இல்லாமல்
அவளுக்குத் துளி பிடித்திருக்கலாம்.
மூன்று டம்ளரை வைத்துக்கொண்டு
ஒரு வீட்டையே கண்டுபிடித்துவிட்டதாக
நான் எழுதக் கூடாது.

நான் யோசித்த இடைவெளியில்
ஊற்றியது எல்லாவற்றையும் அவள் குடித்திருந்தாள்.
பாட்டிலின் மிச்சம் பின்வரிசைக்குப் போயிற்று.

அடுத்தவன் ஜமீல்.
பெரிய வகுப்புப் பையன் ஒருவன்
வாளியில் கடலைக் கொண்டுவந்து வைத்தான்.
பொருள் மாறலாம், முறை மாறக் கூடாது.
அதே டம்ளர்கள், அதே கேள்வி, அதே குரல்.
ஜமீல் ஜன்னலைப் பார்த்தான்.
வாளியைப் பார்த்தான்.
என்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டவன் போல
"உப்புத் தண்ணி எம்புட்டு இருந்தா என்ன டீச்சர்?" என்றான்.

இரண்டு பதில்களையும் ஓரத்தில்
பொடி எழுத்தில் எழுதிவைத்தேன்.
மறுவாரம் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்,
'முடிவு எங்கே?'
பத்துக்கு ஆறரை.

ஆனால் அன்றைக்கு, மணி அடித்த பிறகு,
மூன்று டம்ளரிலும் உப்பு பூத்துக் கிடந்தது.
கழுவித்தான் பைக்குள் வைக்க வேண்டும்.
எதை ஊற்றிக் கழுவுவது என்று
குழாயடியில்
கொஞ்ச நேரம் நின்றேன்.