ஆர் ஆரோடை

ஐந்து வருசத்தில் எழுநூற்று முப்பது நாள் வேணும்.
என்னிடம் இருந்தது நானூற்றுப் பதினொன்று.
கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
பிரசாந்தினி கல்குலேற்றரைத் திருப்பிக் காட்டினாள்.
நிரந்தரம் என்று பெயர் போட்ட அட்டையில்
முடியும் திகதி
என் முகத்தை விடத் தெளிவாயிருந்தது.

"அன்ரி, அங்கிள் சிற்றிசன்தானே?"
ஓம். அவர் சோதினை எழுதினவர்.
அந்த வருசம் எனக்கு இரண்டு வேலை,
விடிய பேக்கரி, இரவில் வங்கிக் கட்டடம் கூட்டித் துடைக்கிறது.
அந்தப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தை
நான் ஒருநாளும் நித்திரை இல்லாமல் தாண்டியதில்லை.

"அப்ப பயமில்லை.
சிற்றிசன் புருசனோடை வெளியில இருந்த நாளும்
கனடாவில இருந்த நாள்தான்."

யோசித்துப் பார்த்தேன்.
கோண்டாவில் வீட்டில் தண்ணி மோட்டர் பழுதாகி
ஆளுக்காள் ஏசிக்கொண்ட நாள்,
கீரிமீன் முள் அவர் தொண்டையில் சிக்கின நாள்,
தெல்லிப்பளை ஆஸ்பத்திரி வாங்கில்
அக்காவுக்கு மருந்து ஏறி முடியுமட்டும்
அவர் பேப்பரையும் நான் சுவரையும் பார்த்திருந்த நாள்,
எல்லாத்திலும்
எங்களுக்குத் தெரியாமல் பனி கொட்டியிருக்கிறது.

கதைபேச்சில்லாத பதினாறு நாளும் சேருமோ?
"ஒரே வீடெண்டால் சேரும் அன்ரி.
ரெண்டு பேரும் நிக்கிற படங்கள் இருக்கோ?"
இருக்கு.
எல்லாத்திலும் எங்களுக்கு நடுவில்
ஆரோ ஒரு மாப்பிள்ளையும் பொம்பிளையும்.

பிறகு பேனையை மூடிவிட்டுக் கேட்டாள்:
"இருபத்தேழாம் கேள்விதான் கவனம்.
ஆர் ஆரோடை வந்தது?
அங்கிள் வர நீங்கள் கூட வந்ததெண்டால் சரி.
நீங்கள் வர அவர் பின்னால வந்ததெண்டால்
சில ஒஃபிசர்மார் எண்ணாயினம்."

அக்காவுக்குக் கட்டி என்று தெரிந்த கிழமை
நான் தனியத்தான் வந்தேன்.
எயார்போட்டுக்கும் அவர் வரவில்லை,
பார்க்கிங் காசு கூடவாம்.
பத்தொன்பதாம் நாள் விடிய
படலையில் வான் நின்றது.
இரண்டு சூட்கேஸ், ஒரு றைஸ் குக்கர்,
யோகலிங்கம்.
"ஏன் வந்தனீங்கள்?"
"அங்கை சரியான குளிர்."
அது ஜூலை மாதம்.

அந்தப் பதிலை
நாலு வருசமாய் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, அக்காவுக்கும்.
இப்ப அதைத்தான் மாற்றி எழுதவேணுமாம்.

"எப்பிடிப் போட, அன்ரி?"
"பிறகு சொல்லுறன், பிள்ளை" என்று
படிவத்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

கீழே ஆட்டோவுக்குள்
அக்காவின் மருந்துப் பையை மடியில் வைத்தபடி அவர்.
"என்னவாம்?"
"நீங்கள் பக்கத்தில இருந்தால் எண்ணுவினமாம்."
ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி இருந்தார்.
"மோட்டருக்கு வாசர் வாங்கவேணும்,
பவர் ஹவுஸ் றோட்டால விடச்சொல்லு."

இருபத்தேழாம் பெட்டி
வெறுமையாய், நாலாய் மடிந்து,
என் கைப்பைக்குள்.