ஒரு தகட்டில் இருபத்தைந்து

தகடு ஒன்றுதான்.
முந்நூறுக்கு இருநூறு மில்லிமீற்றர்,
ஒரு முகம் செம்பு, மறுமுகம் வெளிறிய மஞ்சள்.
வவுனியாவில் வாங்கி
மல்லாவி பஸ்சில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்,
அப்பளக் கட்டைப்போல.

வேண்டியது இருபத்தைந்து துண்டு.
வவுனிக்குளத்து வயல்காரருக்கு யானை மணி:
கம்பி அறுந்தால் கத்தவேண்டும், அவ்வளவுதான்.
அறுபதுக்கு நாற்பது. கணக்குச் சரியாக வருகிறது,
வெட்டு ஒன்றும் தின்னாவிட்டால்.

இரும்புவாள் தின்னும்.
ஒரு வெட்டுக்கு ஒரு மில்லி;
நாலு வெட்டில் ஐந்தாவது துண்டு போச்சு.
பழைய தகடொன்றில் இழுத்துப் பார்த்தேன்.
கோடு எங்கள் ஒழுங்கைபோல வளைந்து போய்
பாதியில் அலகு முறிந்தது.

தகரக் கத்தரி தின்னாது, கடிக்கும்.
விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக நொறுங்கி
செம்பு தோலுரிந்து நின்றது.

நிரோஜினி தன் கிரைண்டரை இரவல் தந்தாள்.
நுங்கு சீவுகிற மாதிரிச் சீவியது.
கண்ணாடித் தூள் பறந்து
கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டையில் படிய
மகன் மறுநாள் கணக்குப் பாடம் முழுக்கச் சொறிந்தானாம்.
கிரைண்டர் வீடு திரும்பியது.

நெம்புகோல் வைத்த வெட்டுமேசை ஒன்றின் படத்தைக்
கடைக்காரர் குலவீரசிங்கம் காட்டினார்.
விலையையும் காட்டினார்.
படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிறகுதான்
முறிந்த வாள் அலகு கண்ணில் பட்டது.
சாணையில் பிடித்து நுனியைக் கொக்கியாக்கினேன்,
பிடிக்குச் சைக்கிள் ரியூப் சுற்றினேன்.
இரும்பு அடிமட்டத்தின் ஓரமாய் ஒரு கீறல்.
அதே கீறலில் மறுபடி. மறுபடி.
அழுத்தக் கூடாது. விலகக் கூடாது.

இந்த வேலை எனக்கு வரும்.
ஏழு வருடம் முகமாலையில் முழந்தாளில் நின்று
விரற்கடை மண்ணை அரைமணிநேரம் சுரண்டிச்
சம்பளம் எடுத்தவள்.
அந்த முகக்கவசத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை;
போட்டுக்கொண்டுதான் கீறுகிறேன்.
அதன் தேய்ந்த பக்கத்தால் பார்த்தால்
கோடு இரண்டாகத் தெரியும்.

செம்பில் எட்டு, முதுகில் எட்டு.
மேசை விளிம்பில் வைத்து
உள்ளங்கையால் அமத்தினேன்.

டக்.

நான் குனிந்துவிட்டேன்.

மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்து
"அம்மா, அது போட்" என்றான் மகன்.

மிச்சம் இருபத்துமூன்றையும்
கையுறை போட்டு அவன்தான் முறித்தான்.
நான் கீறிக் கீறிக் கொடுத்தேன்.
பதினைந்தாவதுக்குப் பிறகு
தோள் துள்ளவில்லை,
அல்லது நான் கவனிக்கவில்லை.

கடைசித் துண்டு அரை மில்லி குறைவு.
இருக்கட்டும்.
யானை அடிமட்டம் கொண்டா வரப்போகிறது.