மதியத் தூக்கத்துக்குக் காவல்

லேய் லிபினே, டிவியை நிறுத்து.
குறைக்கச் சொல்லவில்லை,
நிறுத்தச் சொல்கிறேன்.
கடைசி ஓவர்தான், தெரியும்.

பால் எடுத்து, உறைய வைத்து,
நேற்றைய ஷீட்டை அடித்துக் காயப்போட்டு
இப்போதுதான் வந்து விழுந்தாள் அம்மா.
விரல்களில் அந்தப் புளித்த மணம்.
கழுத்துக்கு இறங்கிய நெற்றிவிளக்கு
அணைக்க மறந்து
பட்டப்பகலில் எரிகிறது.

நேற்று மார்த்தாண்டம் பஸ்ஸில்
யாரோ ஒருவருக்கு எழுந்து இடம் கொடுத்தாயாம்.
'நல்ல பிள்ள' என்றாராம் கண்டக்டர்.
வீட்டுக்கு வந்ததும் பையை ஒரு எறி.
இன்றைக்கும் மரச்சீனியா என்று
தட்டை ஒரு தள்ளு.
அந்த நல்ல பிள்ளையை
குலசேகரம் ஸ்டாண்டிலேயே
இறக்கிவிட்டுவிட்டு வந்தாயா?

நானும் யோக்கியம் இல்லை.
வகுப்பில் அபர்ணா கேட்டால்
ஜியாமெட்ரி பாக்ஸையே தூக்கிக் கொடுப்பேன்.
சுற்றிலும் இத்தனை ரப்பர் மரம் நின்றும்
உனக்கு ஒரு அழிரப்பர் தந்ததில்லை.

ஒன்று சொல்லட்டுமா?
போன வாரம் வயிற்று வலி.
மூன்று மணிக்கு விழித்துக் கிடந்தேன்.
அம்மா எழுந்தாள்.
லைட் போடவில்லை.
நெற்றிவிளக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.
விரல் இடுக்கில் சிவப்பாய்க் கசிந்த
அந்தக் கொஞ்சூண்டு வெளிச்சத்தில்
அப்பாவின் பழைய சட்டையைப் போட்டு
பொத்தானைத் தடவித் தடவி மாட்டினாள்.
நம் கதவு கிரீச்சிடுமே,
அதை லேசாகத் தூக்கிப் பிடித்துத் திறந்தாள்,
தூங்குகிற குழந்தையை இடம் மாற்றுவதுபோல.
செருப்பை முற்றம் தாண்டித்தான் போட்டாள்.

எத்தனை வருஷமாய் இப்படியோ.
நாம்தான் தூங்கிக்கொண்டிருந்தோமே,
எப்படித் தெரியும்?

ஆகவே மக்கா, இன்று நாம் காவல்.
மீன்காரர் வண்டி வளைவில் திரும்பும்போதே
ஓடிப்போய்க் கையை ஆட்டு,
ஹாரனில் கை வைக்கும் முன்னே.
சாளை எத்தனை ரூபாய்க்கு என்று
விரலால் காட்டு.
குக்கர் வேண்டாம், விசில் அடிக்கும்.
பானையில் வடித்துக்கொள்கிறேன்.
கோழி முட்டையிட்டுக் கத்தினால்
அதற்கு நான் பொறுப்பில்லை.

நமக்குள் சண்டை வரும்.
வராமல் இருக்குமா?
போனுக்கு வரும், மீனின் நடுத்துண்டுக்கு வரும்.
வந்தால் கிணற்றடிக்குப் போவோம்,
சத்தமே இல்லாமல் அடித்துக்கொள்வோம்.
போட்டுப் பார் அப்படி ஒரு சண்டையை,
பாதியிலேயே சிரிப்பு முட்டும்.

சாயங்காலம் தோஹாவிலிருந்து அப்பா வருவார் போனில்.
'ம்' என்று ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு
என்னிடம் நீட்டாதே.
மூன்று வாக்கியமாவது பேசு.
மூன்றாவது, கேள்வியாக இருக்கட்டும்.
'சாப்பிட்டீங்களாப்பா?' போதும்.

எங்கே போகிறாய்?
விளக்கை அணைக்கவா?
பார்த்து...
டம்ளர்!

உருண்டு உருண்டு
சுவர் வரைக்கும் போய்த்தான் நின்றது சனியன்.

அம்மா கண் திறந்தாள்.
அணைந்த டிவியைப் பார்த்தாள்.
விளக்கருகே
ஒற்றைக் காலில் உறைந்து நின்ற உன்னைப் பார்த்தாள்.
மறுபடி மூடிக்கொண்டாள்.

அது தூக்கம் இல்லை லிபினே.
இமை துடிக்கிறது பார்.
நம் காவல் வீணாகிவிடக் கூடாதென்று
தூங்குவதுபோல் கிடக்கிறாள்.

இவளை ஜெயிக்க முடியாது போல.

பரவாயில்லை,
மெதுவாக நட.