நாலரை மணி

மூன்று மணிக்கே மலைச்சாலையை வழித்துவிட்டு
கொட்டகைக்குத் திரும்பினால்
நாலரைக்குத் தொலைபேசி அடிக்கும்.
"மிஸ்டர் கூலே, பாலம் எப்படி?"
வணக்கம் கிடையாது.
வெர்மாண்டில் விடியாத பொழுதில்
பனிவாரும் வண்டிக்காரனிடம்
தனியார் பள்ளித் தலைமையாசிரியை
வேறென்ன பேசுவார்?
இருபத்தாறு குளிர்காலம் இப்படி.

பூட்ஸ் குதிகாலால் பாலத்தை ஒரு தட்டு தட்டியிருப்பேன்.
சரசரத்தால் மணல் போதும்.
சத்தமே இல்லையென்றால் கண்ணாடி.
"கண்ணாடி," என்பேன்.
"சரி, பிள்ளைகள் தூங்கட்டும்." வைத்துவிடுவார்.

லத்தீன் நன்றாகச் சொல்லிக்கொடுப்பாராம்.
எனக்குத் தெரியாது. என் மகள் போனது
ஆற்றுக்கு இந்தப் பக்கத்து அரசுப் பள்ளி.
பாதிக் கட்டணம் போதும் என்றார் ஒருமுறை.
அந்தப் பாதியே எனக்கு நான்கு டயர்.
அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு,
இன்றைக்கும்.

ஆறாம் வருடம், பிப்ரவரி.
"தாங்கும்," என்றேன்.
தாங்கவில்லை.
மஞ்சள் பேருந்து பக்கவாட்டில் சறுக்கி
ஹென்ஷாவின் வேலியில் சாய்ந்து நின்றது.
பதினேழு பிள்ளைகள். ஒரு மூக்கில் ரத்தம்.
மாலையில் பெற்றோர் கூட்டம்;
கதவோரம் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றேன்.
"முடிவு என்னுடையது," என்றார் மிஸ் தேயர்.
கத்தினார்கள்.
மறுபடியும் அதையே சொன்னார்.
என் பக்கம் அவர் கண் திரும்பவேயில்லை.

மறுநாள் நாலரைக்கு,
"மிஸ்டர் கூலே, பாலம் எப்படி?"
இருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டு
இரண்டாம் தடவை போய்ப் பார்த்துவந்து சொன்னேன்.

ஓய்வுபெறாமலே, இந்த அக்டோபரில், போய்விட்டார்.
செய்தித்தாளில் முக்கால் பத்தி:
நாற்பத்தொரு ஆண்டு, நூலகம், பட்டங்கள்,
இரண்டு முறை பள்ளியை மூடவிடாமல் காத்தது.
படத்தில் சிரிக்கிறார்.
அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லை.

புதியவர் வந்தாயிற்று.
வானிலைச் செயலி முந்தின இரவே முடிவெடுத்துவிடும்,
எல்லார் கைபேசியிலும் ஒரு டிங்.
நல்லதுதான். என்னைப் போன்றவன் கையில்
பதினேழு பிள்ளைகளை விடுவதைவிட.

நேற்று முதல் பனி.
எஞ்சினை அணைக்காமல்
பாலத்தில் இறங்கினேன்.
ஒரு தட்டு.
பிறகு, சந்தேகத்துக்கு, இன்னொன்று.
கொட்டகைக்கு வந்து காப்பியை ஊற்றிக்கொண்டேன்.
ஐந்து மணிவரை
தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில்
வேறு யாரையும் உட்காரவிடவில்லை.