இடமிருந்து நான்காவது

பிரசுரமானால் நூற்றைம்பது.
இல்லையென்றால் பெட்ரோல் என் கணக்கு.
புதுவயல் அரிசி ஆலையில் தீ என்று போன் வந்தால்
நான் போய்ச் சேரும்வரை அணையக் கூடாதே என்று
வேண்டிக்கொண்டேதான் வண்டியை உதைப்பேன்.
இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மாசியில் ஒரு மஞ்சுவிரட்டு.
கண்மாய்ப் பொட்டல், இடிந்த சுவர்மேல் நான்.
கொம்புக்கும் ஒருவன் இடுப்புத் துண்டுக்கும் நடுவே
விரற்கடை வெளிச்சம்.
அதைப் பிடித்துவிட்டேன்.
மறுநாள் முதல் பக்கம், நாலு பத்தி அகலம்.
மாட்டின் பேர் இருந்தது, மாட்டுக்காரர் பேர், ஊர்,
கீழே எறும்பு எழுத்தில்
'நமது நிருபர்'.
கல்லுக்கட்டி டீக்கடையில் பாய் காசு வாங்கவில்லை.
அன்றைக்கு அது போதுமாயிருந்தது.

மற்ற நாளெல்லாம் குத்துவிளக்கு, ரத்ததானம்,
ஒரே மரக்கன்றை ஒன்பது பேர் நடுவது.
கானாடுகாத்தான் பெரிய வீட்டில் சினிமா ஷூட்டிங்:
கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு
கறிச்சோறு போட்டு அனுப்பினார்கள்.
மதுரை டெஸ்க்கில் தனபால் சார் சொல்வார்:
"கூட்டத்தை வெட்டுய்யா, மாலை தெரிஞ்சா போதும்."

ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்தது.
கார்மேகம், ஏழாம் வகுப்பு.
செம்புறாங்கல் படியில் அவன் அம்மா.
எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்,
நான் மட்டும் மண்டி போட்டு, கோணம் பார்த்து.
ஃபோகஸ் கண்ணில் சரியாக விழுந்தது.
ஏழாம் பக்கம்.
நூற்றைம்பது வந்தது.

கருமாதி எல்லாம் முடிந்து
ஜெராக்ஸ் கடை மாடியிலிருக்கும் என் அறைக்கு
மலையரசி ஏறி வந்தாள்.
வசவுக்குத் தயாராக எழுந்து நின்றேன்.
"கலெக்டரு பள்ளிக்கூடத்துல மரம் நட்டப்ப
நீங்கதான படம் எடுத்தீக?
பக்கத்துலயே நின்னேம்மா, பேப்பர்ல பாருன்னான்.
பார்த்தேன். வரல."

ஹார்ட் டிஸ்க்கில் அரைமணி நேரம்.
அவள் உட்காரவில்லை.
ஆடி மாதம், முப்பத்தெட்டுப் படம்,
பத்தாவதில் இருந்தான்:
இடமிருந்து நான்காவது.
கையில் பூவாளி, அவன்தான் தண்ணீர் ஊற்ற நின்றவன்.
ஒரு காது ஆட்சியரின் முழங்கைக்குப் பின்னால்.
நேராக என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறான்.
அவன் அங்கே நின்றதே எனக்கு இன்றுதான் தெரியும்.

வெட்டினேன்.
முதலில் மாலை போனது, பிறகு ஆட்சியர்,
தலைமை ஆசிரியர், வட்டாட்சியர், மரக்கன்று.
எவ்வளவு வெட்டியும் அந்தச் சட்டைக் கை போகவில்லை;
இன்னும் தள்ளினால் காது போய்விடும்.

பிரிண்டைக் கையில் வாங்கி
"இது யாரு கை?" என்றாள்.
"தெரியலம்மா."
"இருக்கட்டும்."
எவ்வளவு என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை.
கீபோர்டின் மேல் இருபது ரூபாயை வைத்துவிட்டு
படியில் மெதுவாக இறங்கினாள்.
அந்தப் படம், ஏழாம் பக்கத்துப் படம்,
அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும்.

போன் அடித்தது.
திருப்பத்தூர் ரோட்டில் லாரி கவிழ்ந்திருக்கிறதாம்.
மூன்றாவது உதையில்தான் வண்டி கிளம்பியது.
எதையும் வேண்டிக்கொள்ளவில்லை என்று
எழுதத்தான் ஆசை.